‘வரலாற்றில் இன்று’ செப்டம்பர் 22: எதைச் சொல்வது, எதை விடுவது?

கேள்வி இது: “என் மகள் சென்னையில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். செப்டம்பர் 22 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘வரலாற்றில் இன்று’ வாசிப்பது அவள் முறை. தேடிப் பார்த்தால் அந்த ஒரு தேதிக்கே ஐம்பது நிகழ்ச்சிகள் வருகின்றன. லிங்கன், எம்டன், காந்தி, ஈரான்-இராக் போர், பல்கேரியா என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. இரண்டு நிமிடத்தில் எதைச் சொல்ல? இத்தனையும் ஒரே தேதியில் நடந்ததற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? 26-ஆம் தேதி ஆகாத தேதி என்று வாட்ஸ்அப்பில் வருமே, அந்த மாதிரி?”

முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் ‘எம்டன் சென்னை மேல் குண்டு போட்டது’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்த வேண்டாம். அதே 1914 செப்டம்பர் 22 காலையில் ஐரோப்பாவின் வட கடலில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லட்டும். பட்டியலில் உள்ள மற்றவை வெவ்வேறு வருஷங்களில் அதே தேதியில் விழுந்தவை. இவை இரண்டும் அப்படி இல்லை. ஒன்று அன்று காலை, மற்றொன்று அன்று இரவு. ஒரே போர், இரண்டுக்கும் அடியில் ஒரே காரணம். பிள்ளைகளுக்கு வரலாறு பிடிபடுவது இந்த மாதிரி இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரிட்டன் போரில் இறங்கி அன்றோடு சரியாக ஏழு வாரம். அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் ரோந்து போய்க்கொண்டிருந்தன. முந்தைய நாட்களின் மோசமான வானிலையால் அவற்றுக்குத் துணையாக வரவேண்டிய சிறிய கப்பல்கள் கூட இல்லை. காலை ஆறரை மணி வாக்கில் அபூகிரில் வெடி. கடல் கண்ணிவெடியில் மோதிவிட்டோம் என்று நினைத்த அதன் கேப்டன், மற்ற இரண்டு கப்பல்களையும் உதவிக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். அவை வந்தன. தண்ணீரில் தத்தளிப்பவர்களைத் தூக்குவதற்காகப் படகுகளை இறக்கின. கீழே இருந்தது ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, யூ-9. அதன் தளபதி ஓட்டோ வெடிகன். அடுத்து ஹோக்கை அடித்தார், பிறகு கிரெஸ்ஸியை. முதல் வெடியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று கப்பல்களும் முழுகிப்போயின. 1,459 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஓய்வுக்குப் பிறகு திரும்ப அழைக்கப்பட்ட குடும்பஸ்தர்கள். கடற்படைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராகக் கப்பலுக்கு அனுப்பப்பட்ட பதினைந்து வயதுப் பையன்களும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். உங்கள் மகளை விட இரண்டு வயது மூத்தவர்கள், அவ்வளவுதான். நெதர்லாந்துக் கப்பல்களும் மீன்பிடி படகுகளும் மீட்டவர்கள் 837 பேர். பக்கத்தில் ஒரு கப்பல் அடிபட்டால் பெரிய கப்பல்கள் நின்று உதவக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை அதன்பின் உத்தரவே போட்டது. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் உதவப் போய்தான் இரண்டு கப்பல்கள் போயின.

அன்று சென்னையில் நவராத்திரியின் மூன்றாம் நாள். ஆனந்த வருஷம், புரட்டாசி முதல் வாரம். மூன்றாம் பிறை சீக்கிரமே மறைந்துவிட, ஒன்பது மணிக்குமேல் கடல் கும்மிருட்டு. கரையில் மட்டும் விளக்குகள் வழக்கம்போல் எரிந்தன. அப்போது கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்திலேயே இருந்தது, அதுவும் அணைக்கப்படவில்லை. இரவில் எதிரிக் கப்பல் வந்து இறங்கும் என்று யாரும் எதிர்பார்க்காத ஊர் அது. எம்டன் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டுத் துறைமுகத்தைப் பார்த்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் கண்ணில் பட்டதும் சுட ஆரம்பித்தது. ஒன்பதரை வாக்கில் தொடங்கி 120-க்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிவாங்கியது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் எம்டன் மேல் படவில்லை. பத்து மணி வாக்கில் அது போய்விட்டது.

இழப்பைக் கணக்குப் பார்த்தால் வட கடலில் நடந்ததோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்கு எண்ணெய் முக்கியமில்லை. இந்திய மக்கள் கவனிக்க வேண்டும், பிரிட்டிஷ் வியாபாரம் கலங்க வேண்டும், அவர்கள் மதிப்பு இறங்க வேண்டும்; இதற்காகத்தான் சுட்டேன் என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார். நினைத்தது நடந்தது. அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் கிடைத்த ரயிலில் ஏறி ஊரைக் காலி செய்தார்கள். கப்பல் இன்சூரன்ஸ் கட்டணம் எகிறியது. வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியே வரத் தயங்கின. கரையில் எரிந்த எண்ணெய்யை விட இந்தப் பயம் பிரிட்டனுக்குப் பெரிய செலவு வைத்தது.

காலைக்கும் இரவுக்கும் உள்ள முடிச்சைத்தான் உங்கள் மகள் சொல்ல வேண்டும். பிரிட்டனிடம் அப்போது உலகத்திலேயே பெரிய கடற்படை இருந்தது. கப்பலுக்குக் கப்பல் நேருக்கு நேர் நின்று ஜெர்மனியால் ஜெயிக்க முடியாது. அதனால் நீருக்கடியில் ஒன்று, ஐரோப்பாவிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளி ஒன்று என்று தனிக் கப்பல்களை அனுப்பியது. பெரிய கடற்படைக்குக் காவல் காக்க வேண்டிய இடம் அதிகம். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. துருப்புகளை ஏற்றிப்போகும் கப்பல்களுக்குத் துணை போகவேண்டும், வணிகப் பாதைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வட கடலை அடைத்து வைக்க வேண்டும். அந்தப் பாரத்தில் எங்கெல்லாம் இடைவெளி விழுந்ததோ அங்கெல்லாம் அடி விழுந்தது. அன்று காலை அந்த இடைவெளி நெதர்லாந்துக் கரையில், இரவு நம்ம பீச் ரோட்டில். முல்லரும் வெடிகனும் பேசிவைத்துக்கொண்டு செய்ததல்ல. தேதி ஒன்றானது தற்செயல், நிலைமை ஒன்றாக இருந்தது தற்செயல் இல்லை.

எம்டன் என்றதும் யாராவது செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று சேர்க்கச் சொல்வார்கள். அதை விட்டுவிடுங்கள். அவர் அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் இருந்துகொண்டு ஜெர்மனியின் உதவியோடு இந்திய விடுதலைக்கு வேலை செய்தவர். எம்டனில் ஏறினார் என்பதற்கு நம்பத் தகுந்த ஆவணம் கிடையாது. அவருடைய உண்மையான வாழ்க்கையே போதுமான அளவு துணிச்சலானது, அதற்கு மேல் ஒரு கப்பலை ஏற்ற வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு செப்டம்பர் 22 உண்டு: 1921, மதுரை. கதராடை கட்டுங்கள், அந்நியத் துணியை விடுங்கள் என்று ஊர் ஊராகப் பேசிவந்த காந்தியிடம், கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவரோடு பயணம் செய்த மௌலானா முகமது அலி வால்டேரில் (இன்றைய விசாகப்பட்டினம்) கைதாகியிருந்தார். மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், அந்த இரவில் காந்தி முடிவெடுத்தார். மறுநாள் காலை தொப்பியும் மேலங்கியும் இல்லாமல், இடுப்பில் மட்டும் துண்டு கட்டிக்கொண்டு வெளியே வந்தார். பலரும் கவனிக்காத ஒன்று, அவர் முதலில் இதை அக்டோபர் 31 வரை என்றுதான் அறிவித்தார். பிறகு கடைசிவரை அதுவே உடையாகிவிட்டது.

சரியாகப் பதினொரு வருஷம் கழித்து, 1932 செப்டம்பர் 22 அன்று, அதே காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதத்தின் மூன்றாம் நாளில் படுத்திருந்தார். ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனித்தொகுதி, அதாவது அவர்கள் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை, என்ற பிரிட்டிஷ் முடிவை எதிர்த்து உண்ணாவிரதம். அன்று அம்பேத்கர் சிறைக்குள் போய் அவரைச் சந்தித்தார். ஒரு பக்கம் சாகத் துணிந்த மனிதர், மறுபக்கம் தன் மக்களின் உரிமையை விட்டுக்கொடுத்தால் அவர்களுக்கு யார் பதில் சொல்வது என்ற பொறுப்பைத் தோளில் சுமந்தவர். 24-ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித்தொகுதி போய், மாகாண சட்டசபைகளில் அவர்களுக்கான ஒதுக்கீட்டு இடங்கள் 71-லிருந்து 148 ஆயின. அதில் சென்னை மாகாணத்தின் பங்கு 30. கையெழுத்திட்டவர்களில் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் இருந்தார்கள், இருவருமே சென்னையில் அரசியல் செய்தவர்கள். இந்த ஒப்பந்தத்தால் யாருக்கு என்ன கிடைத்தது, என்ன போனது என்பது இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. காலைக் கூட்டத்தில் அரைகுறையாகச் சொல்வதை விட, வீட்டில் உட்கார்ந்து மகளோடு பேசுங்கள்.

பட்டியலில் கவனமாக இருக்கவேண்டிய வரிகளும் உண்டு. பல்கேரியா சுதந்திரம் அறிவித்தது 1908 செப்டம்பர் 22 என்று இருக்கும். அவர்கள் இன்றும் அந்தத் தேதியில்தான் கொண்டாடுகிறார்கள். ஆனால் அப்போது அங்கே பழைய ஜூலியன் காலண்டர் புழக்கத்தில் இருந்தது. நம் கணக்கில் அது அக்டோபர் 5. லண்டன் வணிகர்கள் கூடி, கிழக்கு நாடுகளுக்குக் கப்பல் அனுப்பப் பணம் போடுவதாகப் பெயர் எழுதிக் கொடுத்ததும் 1599 செப்டம்பர் 22 என்றுதான் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வித்திட்ட கூட்டம் அது. கம்பெனி இல்லாவிட்டால் ஜார்ஜ் கோட்டையும் இல்லை. அதுவும் பழைய காலண்டர்தான், இன்றைய கணக்கில் அக்டோபர் 2.

நம்ம ஊரின் பிறந்தநாளுக்கே இந்தச் சிக்கல் உண்டு. ஆகஸ்ட் 22 சென்னை தினம். இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த உரிமைப் பத்திரத்தின் பிரதிகளில் 1639 ஜூலை 22 என்று இருக்கிறது. ஆனால் அதைப் பெற்ற கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலை 27. எனவே ஜூலை என்பது எழுத்துப் பிழை, ஆகஸ்டாக இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி ஆகஸ்ட் 22-ஐ ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆகஸ்ட் 22-உம் ஆங்கிலேயரின் பழைய காலண்டர்படி; இன்றைய கணக்குக்கு மாற்றினால் செப்டம்பர் 1 வரும். இதனால் சென்னை தினம் தப்பு என்று ஆகிவிடாது. ஊர் கூடி ஒரு நாளை வைத்துக்கொண்டது, அதைக் கொண்டாடலாம். ஆனால் ‘அதே நாளில் உலகத்தில் வேறென்ன நடந்தது’ என்று தேடும்போது மட்டும் பத்து நாள் இடறிவிடும்.

1752-இல்தான் பிரிட்டன் புதிய காலண்டருக்கு மாறியது. அந்த வருஷம் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களோ முன்பே மாறிவிட்டவர்கள். அதனால் 1746-இல் பிரெஞ்சுப் படை ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தபோது, நடந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு தரப்புத் தாள்களிலும் 11 நாள் வித்தியாசம். அந்தக் காலத்தை நாள்வாரியாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருஷம், மாதம், தேதியையும் சேர்த்தே குறித்தார். அவரைப் படிப்பவர்களுக்கு இன்று அது பெரிய உபகாரம்.

காலண்டரை விடுங்கள், கடிகாரமும் தேதியை மாற்றும். ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது 1941 டிசம்பர் 7, மலாயாவில் கோத்தபாருவில் இறங்கியது டிசம்பர் 8. தேதியை மட்டும் பார்த்தால் பேர்ல் ஹார்பர் முந்தியது போல இருக்கும். உண்மையில் கோத்தபாருவில் ஜப்பான் படை இறங்க ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகுதான் ஹவாயில் முதல் குண்டு விழுந்தது. சர்வதேசத் தேதிக்கோடு நடுவில் ஓடுகிறது, அதனால் வந்த குழப்பம். பசிபிக் போர் அமெரிக்கத் தளத்தில் தொடங்கியது என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். அது தொடங்கியது, தோட்டத் தொழிலாளர்களாகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் வாழ்ந்த மலாயாவின் கரையில்.

26-ஆம் தேதி விஷயத்துக்கு வருகிறேன். 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பம், 2003 டிசம்பர் 26 ஈரானில் பாம் நகரப் பூகம்பம், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் என்று அந்தச் செய்தி போகும். எல்லாத் தேதியும் சரிதான். தவறு, எதையெல்லாம் சேர்க்காமல் விட்டார்கள் என்பதில் இருக்கிறது. சென்னையை முழுக அடித்த 2015 வெள்ளம் டிசம்பர் 1, 2. ஹிரோஷிமா 6, நாகசாகி 9, போபால் விஷவாயு 2-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி. மாதத்தில் எந்தத் தேதியை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு சோகப் பட்டியல் போட்டுவிடலாம். சுனாமி வந்தது, சுமத்ரா பக்கம் இந்தியப் புவித்தட்டு பக்கத்துத் தட்டின் அடியில் நுழையும் இடத்தில் பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த அழுத்தம் உடைந்ததால். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோன அந்தக் காலைக்குக் காரணம் ஒரு எண் என்று சொல்வது, பட்டினப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் வீட்டாரைப் பறிகொடுத்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை இல்லை. எச்சரிக்கைக் கருவிகள் அப்போது இந்தியப் பெருங்கடலில் இல்லாததுதான் பேசவேண்டிய விஷயம். அவை பிறகு நிறுவப்பட்டன.

ஆனாலும் தேதி ஒத்துப்போவதற்குக் காரணம் இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. மனிதர்கள் தேதியைத் தேர்ந்தெடுப்பார்கள். 1930 ஜனவரி 26-ஐ முழு விடுதலை நாளாகக் காங்கிரஸ் கொண்டாடியதால்தான், 1949 நவம்பரிலேயே ஏற்கப்பட்ட அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 வரை காத்திருந்து நடைமுறைக்கு வந்தது. மவுண்ட்பேட்டன் ஆகஸ்ட் 15-ஐச் சொன்னதற்கும், ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதே அவர் மனதில் இருந்த காரணம்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழுத்தமான உதாரணம் ஜெர்மனியின் நவம்பர் 9. 1918-இல் அன்று மன்னராட்சி முடிந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923-இல் அன்று ஹிட்லரின் முதல் கலகம் மியூனிக்கில் அடக்கப்பட்டது. அதில் செத்த தங்கள் ஆட்களுக்காக நாஜிகள் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் மியூனிக்கில் கூடுவார்கள். 1938-இல் அப்படிக் கூடியிருந்தபோதுதான், பாரிஸில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்தது. தலைவர்கள் அத்தனை பேரும் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள், கோயபல்ஸ் பேசினார், அங்கிருந்தே தொலைபேசியில் உத்தரவுகள் போயின. அந்த இரவில் நாடு முழுவதும் யூதர்களின் கடைகளும் வழிபாட்டுத் தலங்களும் கொளுத்தப்பட்டன. 1923-க்கும் 1938-க்கும் நடுவே உள்ள தேதிப் பொருத்தம் தற்செயல் இல்லை. 1989-இல் பெர்லின் சுவர் திறந்ததும் நவம்பர் 9 தான், அது தற்செயல். அந்த நாளுக்குள் 1938 இருக்கிறது என்பதால் அதைத் தேசிய நாளாக வைக்க ஜெர்மானியர்களுக்கு மனம் வரவில்லை. அக்டோபர் 3-ஐ வைத்துக்கொண்டார்கள். நம்ம எம்டன் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் தோற்று நொறுங்கியதும் 1914 நவம்பர் 9. இதற்கும் மற்றவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரே தேதிக்குள் இரண்டு வகையும் கலந்து கிடக்கும், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1862 செப்டம்பர் 22 அன்று லிங்கன் வெளியிட்டது முன்னறிவிப்பு மட்டுமே. கிளர்ச்சி செய்யும் மாநிலங்களில் அடிமைகளுக்கு விடுதலை என்ற பிரகடனம் 1863 ஜனவரி 1-இல்தான் அமலுக்கு வந்தது. அந்த வார்த்தையை உங்கள் மகள் சரியாகச் சொல்லட்டும். 1980-இல் அன்று இராக் விமானங்கள் ஈரானின் விமானத் தளங்களைத் தாக்கின, போர் எட்டு வருஷம் ஓடியது. 1791-இல் அன்று மைக்கேல் ஃபாரடே பிறந்தார். புத்தகம் தைக்கும் கடையில் வேலை செய்துகொண்டே, தைக்க வந்த புத்தகங்களைப் படித்து விஞ்ஞானி ஆனவர். யாராவது ஒருவரின் பிறந்தநாள் சொல்லியே ஆகவேண்டும் என்று பள்ளியில் வழக்கம் இருந்தால் இவரைச் சொல்லலாம்.

இரண்டு நிமிடத்துக்கு முதல் நிமிடம் வட கடல் காலை, இரண்டாவது நிமிடம் சென்னை இரவு, நடுவில் ‘இரண்டு இடத்திலும் பிரிட்டன் ஏன் தயாராக இல்லை?’ என்ற ஒரு கேள்வி, இவ்வளவு போதும். 1,459 என்ற எண்ணையும் ஐந்து என்ற எண்ணையும் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். முந்தைய ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் பாரிமுனைப் பக்கம் கூட்டிப்போங்கள். எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு உயர்நீதிமன்றத்தின் கிழக்குப் பக்கச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை, நடந்து போய்த்தான் தேட வேண்டும்.